அத்திப்பட்டு ஏன் ‘அத்தப்பட்டு’ ஆயிற்று?

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்ரயிலில் நீங்கள் போனதுண்டா? திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் ஆகிய நிலையங்களைக் கடந்ததும் ஒரு பக்கம் உவர்நீர்க் கழிமுகம், மறுபக்கம் அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள். அடுத்து வருவது அத்திப்பட்டு புதுநகர். அதற்கும் அடுத்தது அத்திப்பட்டு. கடல் அங்கிருந்து வெகுதூரம் இல்லை. இந்த ஊரிலிருந்து தினமும் ரயிலேறி எங்கள் கல்லூரிக்கு வந்து இயற்பியல் படிக்கும் மாணவி ஒருத்தி, ஒருநாள் மாலை மடிக்கணினி ஒன்றைத் துணிப்பையில் சுமந்துகொண்டு என் அறைக்கு வந்தாள்.

“சார், கம்ப்யூட்டர் போச்சு. அடுத்த வாரம் புராஜெக்ட் அறிக்கை கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதித் தருவதாகச் சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறேன்” என்றாள்.

அந்த மடிக்கணினி அவளுடையது அன்று, அவள் அண்ணனுடையது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கியது அல்லவா? அந்தத் திட்டத்தில், பிளஸ் டூ படித்தபோது அண்ணனுக்குக் கிடைத்தது. வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. பழுதுபார்க்கும் கடைக்காரர், “விசைப்பலகையை முழுசாக மாற்றித்தான் ஆக வேண்டும்” என்று சொல்லியிருந்தார். அவர் கேட்ட தொகை, துறைமுகத்தில் சுமை வேலை செய்யும் அவளுடைய அப்பாவின் நான்கு நாள் கூலி.

“போச்சு என்று சொல்லாதே அம்மா. எது போயிற்று, எது போகவில்லை என்று பிரித்துச் சொல்” என்றேன்.

அவள் தட்டச்சு செய்திருந்த ஒரு பக்கத்தைக் காட்டினாள். முதல் வரியிலேயே அவளுடைய ஊரின் பெயர் ‘அத்தப்பட்டு’ என்று இருந்தது. ‘தமிழ்’ என்ற சொல் ‘தமழ்’ என்றிருந்தது. மற்ற எழுத்துகள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ‘இ’ மட்டும் எங்கோ ஓடிப்போயிருந்தது!

மாணவ நண்பர்களே, காணாமற்போன அந்த ‘இ’யை நாங்கள் எப்படித் தேடிக் கண்டுபிடித்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. நான்கு திருகுகளைக் கழற்றத் தெரிந்தால் எவரும் ஒரு பொருளைப் பிரித்துவிடலாம். எந்த இடத்தில் பிரிக்க வேண்டும் என்பதை, பிரிப்பதற்கு முன்பே யோசித்துத் தெரிந்துகொள்வதுதான் இயற்பியல்.

மூன்று ஊகங்கள்

‘இ’ வராததற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அண்ணன், “வைரஸ் புகுந்துவிட்டது” என்றான். தோழி, “தமிழ் எழுத்துரு சரியில்லை” என்றாள். கடைக்காரர், “விசைப்பலகை கெட்டுவிட்டது” என்றார். மூன்றுமே நடக்கக் கூடியவைதாம். ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ஊகங்களில் எது சரி என்பதை வாதம் செய்து தீர்க்க முடியாது. சோதனை செய்துதான் தீர்க்க வேண்டும்.

அவள் பயன்படுத்தியது தமிழ்99 விசைப்பலகை முறை. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தரம் இது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்வரிசை எழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்திருக்கும். ஆங்கில ‘ஏ’ விசையில் அ, ‘எஸ்’ விசையில் இ, ‘டி’ விசையில் உ, ‘எல்’ விசையில் த. ஒரே மெய்வரிசை எழுத்தை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். அ, த, த, இ, ப, ப, ட, ட, உ என்று ஒன்பது முறை தட்டினால் ‘அத்திப்பட்டு’ வந்துவிடும். இதில் ‘இ’ மட்டும் விழாமற்போனால் என்ன வரும்? எழுதிப் பாருங்கள்: ‘அத்தப்பட்டு’!

ஆகவே நோய் ‘இ’ என்ற எழுத்தில் இருக்கலாம். அல்லது ‘எஸ்’ என்ற விசையில் இருக்கலாம். தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொன்னேன். ‘எஸ்’ விசையை அழுத்தினால் ஆங்கிலத்திலும் எதுவும் விழவில்லை. எழுத்துரு என்ற ஊகம் அத்துடன் விழுந்தது.

அடுத்து, ஆய்வுக்கூடத்திலிருந்து வேறொரு விசைப்பலகையைக் கொண்டுவந்து, அதன் யூஎஸ்பி வடத்தை மடிக்கணினியில் செருகினோம். அதில் ‘எஸ்’ விசையை அழுத்தியதும் ‘இ’ அழகாக வந்து உட்கார்ந்தது. கணினிக்குள் இருக்கும் மென்பொருளுக்கு ‘இ’ எழுதத் தெரிந்திருக்கிறது. ஆனால் சொந்த விசைப்பலகையிலிருந்து அதற்குச் செய்தி வந்து சேரவில்லை. வைரஸ் என்ற ஊகமும் விழுந்தது. இரண்டே சோதனைகள், ஐந்து நிமிடம், ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

ஐந்தாவது விசை

இப்போது மிஞ்சியது கடைக்காரரின் ஊகம். விசைப்பலகையில்தான் குறை. ஆனால் விசைப்பலகையில் எங்கே?

ஒரு வெள்ளைத் தாளில் விசைப்பலகையின் படத்தை வரைந்து, ஒவ்வொரு விசையாக அழுத்தி, வேலை செய்வதற்குச் சரிக்குறியும், செய்யாததற்குப் பெருக்கற்குறியும் போடச் சொன்னேன். அவள் ஒரு குறையுடன்தான் வந்திருந்தாள். தாளில் நான்கு பெருக்கற்குறிகள் விழுந்தன: 2, டபிள்யூ, எஸ், எக்ஸ். டபிள்யூ என்பது தமிழில் ஈ. எக்ஸ் என்பது ஓ. இவை அடிக்கடி தனியாக வராததால் அவள் கவனிக்கவில்லை.

நான்கு குறிகளையும் பாருங்கள் என்றேன். அவை சிதறிக் கிடக்கவில்லை. மேலிருந்து கீழாக, சற்றே சாய்ந்த ஒரு கோடு போல நின்றன. அந்தக் கோட்டை மேலே நீட்டினால் எது வருகிறது? ‘எஃப் 2’ என்ற விசை. அதை அழுத்தினால் தாளில் எழுத்து எதுவும் விழாது. அதனால் அவள் அதைச் சோதிக்காமல் விட்டிருந்தாள். வின்டோஸில் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து எஃப் 2 அழுத்தினால் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்கும். அழுத்திப் பார்த்தோம். கேட்கவில்லை! ஐந்தாவது பெருக்கற்குறி விழுந்தது.

எஃப் 2 கெட்டிருக்கும் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்ல முடிந்தது? அதற்கு விசைப்பலகையின் உள்ளே போக வேண்டும்.

எண்பத்து நான்கு விசை, இருபத்து நான்கு கம்பி

பழைய தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒவ்வொரு விசைக்கும் தனி நெம்புகோல் உண்டு. ஒரு நெம்புகோல் வளைந்தால் அந்த ஓர் எழுத்து மட்டுமே விழாது. மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

மடிக்கணினியின் விசைப்பலகை அப்படிப்பட்டதன்று. ஒவ்வொரு விசையும் ஒரு சாதாரணச் சொடுக்கிதான்: அழுத்தினால் சுற்று மூடும், விட்டால் திறக்கும். விசைத் தொப்பியின் கீழே சிறு ரப்பர்க் குமிழ் ஒன்று. அதன் கீழே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளித் துகள் கலந்த மையினால் மின்பாதைகள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தாள் அவற்றைப் பிரித்து வைக்கும். ஒவ்வொரு விசைக்கும் நேராக அதில் ஒரு துளை. விசையை அழுத்தும்போது, துளையின் வழியே மேல் பாதை கீழ்ப் பாதையைத் தொடுகிறது.

84 விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி போட்டால், பொதுக் கம்பியையும் சேர்த்து 85 கம்பிகள் வேண்டும். அவ்வளவையும் எங்கே கொண்டு போய் இணைப்பது? இதற்குப் பொறியாளர்கள் கையாளும் உபாயம் நீங்கள் கணக்கு வகுப்பில் படித்ததுதான். ஒரு தளத்தில் உள்ள புள்ளியைக் குறிக்க எக்ஸ் அச்சில் ஓர் எண், ஒய் அச்சில் ஓர் எண் போதும் அல்லவா? அதேபோல் மின்பாதைகளை வரிசை, பத்தி என்று குறுக்கும் நெடுக்குமாக அமைக்கிறார்கள். 8 வரிசைகளும் 16 பத்திகளும் இருந்தால் அவை 8 × 16 = 128 இடங்களில் குறுக்கிடும். ஒவ்வொரு குறுக்கீட்டிலும் ஒரு விசையை வைக்கலாம். ஆனால் வெளியே வரும் கம்பிகளோ 8 + 16 = 24 மட்டுமே! பல மடிக்கணினிகளில் இப்படித்தான் இருக்கிறது.

எந்த விசை அழுத்தப்பட்டது என்று எப்படித் தெரியும்? வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு பத்தியாக, “இந்தப் பத்தியில் யாராவது கை தூக்கியிருக்கிறீர்களா?” என்று கேட்டுக்கொண்டே போவதைக் கற்பனை செய்யுங்கள். விசைப்பலகையைக் கவனிக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, பத்திகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மின்சைகை அனுப்பி, எந்த வரிசையில் அது திரும்பி வருகிறது என்று பார்க்கிறது. மூன்றாம் பத்திக்கு அனுப்பியது ஐந்தாம் வரிசையில் வந்தால், அந்தக் குறுக்கீட்டிலுள்ள விசை அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். எல்லாப் பத்திகளையும் அது நொடிக்கு நூறு தடவைக்கு மேல் சுற்றி வந்துவிடும். மிக வேகமாகத் தட்டச்சு செய்பவர் நொடிக்குப் பத்து விசை அழுத்தினாலும், அவர் விரல் ஒரு விசையிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் சில்லு பத்துத் தடவை விசாரித்து முடித்திருக்கும்.

இப்போது எங்கள் ஐந்து விசைகளுக்கு வருவோம். ஒரு விசை தானாகக் கெடுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட நான்கு விசைகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி ஒரே சமயத்தில் கெட்டுப்போக என்ன வாய்ப்பு? 100 × 100 × 100 × 100 = பத்துக் கோடியில் ஒன்று. ஆனால் அந்த நான்கும் ஒரே பத்தியைச் சேர்ந்தவை என்றால்? பத்திக்கம்பி ஒன்று அறுந்தால் போதும்; நான்கும் சேர்ந்தே ஊமையாகிவிடும். எஃப் 2-வும் அதே பத்தியில் இருந்தால் ஐந்தும் ஊமையாக வேண்டும். அதைத்தான் சோதித்துப் பார்த்தோம்.

ஒன்றைக் கவனியுங்கள். மின்வரிசையும் கண்ணுக்குத் தெரியும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக அமைப்பார்கள். கெட்ட விசைகள் பலகையில் சிதறிக் கிடந்தாலும் அவை ஒரே கம்பியில் இருக்கலாம். ஆகவே, “பல விசைகள், ஒரே நாளில்” என்பதே முக்கியமான தடயம்.

குற்றவாளி எங்கே?

பத்திக்கம்பி நீண்ட பயணம் செய்கிறது. பிளாஸ்டிக் தாளில் தொடங்கி, தட்டையான ஒரு நாடாவாக வெளியே வந்து, தாய்ப்பலகையில் உள்ள இணைப்பியில் நுழைந்து, கட்டுப்பாட்டுச் சில்லைச் சென்றடைகிறது. இதில் எங்கே அறுந்திருக்கும்? தாளுக்குள் என்றால் விசைப்பலகையை மாற்றத்தான் வேண்டும். சில்லில் என்றால் செலவு இன்னும் கூடும். நாடா இணைப்பியில் நுழையும் இடத்தில் என்றால் செலவு ஏதுமில்லை. ஆகவே முதலில் அங்கே பார்ப்பது என்று முடிவு செய்தோம். எளிதாகப் பார்க்கக் கூடிய இடத்தை முதலில் பார் என்பது பழுதுபார்ப்பவர்களின் பழைய விதி.

பார்ப்பதற்கு முன் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன்: “நாம் நினைப்பது சரியென்றால், நாடாவின் நுனியில் என்ன தெரிய வேண்டும்?”

சற்று யோசித்துவிட்டு, “ஒரே ஒரு பல் மட்டும் கெட்டிருக்க வேண்டும் சார். மற்றதெல்லாம் பளபளப்பாக இருக்க வேண்டும்” என்றாள்.

மின்னேற்றியைக் கழற்றி, கணினியை அணைத்து, பேட்டரியையும் எடுத்துவிட்டு, எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் விசைப்பலகையை மெல்லத் தூக்கினார். இணைப்பியின் சிறு பூட்டை நகத்தால் நிமிர்த்தி நாடாவை வெளியே எடுத்தார். உருப்பெருக்கியின் கீழே வைத்தோம். சீப்பின் பற்கள் போல் வரிசையாக நின்ற உலோகப் பட்டைகளில் ஒன்றே ஒன்று கருத்து, அதன் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது! அவள் கண்களில் தெரிந்த மகிழ்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை. மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள் அல்லவா?

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சினால் அதைத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் நாடாவை நேராகச் செருகிப் பூட்டினோம். அவள் முதலில் தட்டியது தன் ஊரின் பெயரை. ‘அத்திப்பட்டு’ என்று வந்தது.

கடலுக்கு இதில் என்ன வேலை?

அந்த வெள்ளைப் பொடி எங்கிருந்து வந்தது? உங்கள் வீட்டுச் சமையலறையில் மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தால் கல்லுப்பு நீர் கசிந்து கிடப்பதைக் காணலாம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் சிறிதளவு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை ஈர்க்கும்.

ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது எழும் குமிழிகள் வெடித்து, நுண்ணிய திவலைகளைக் காற்றில் தெளிக்கின்றன. அவை உலர்ந்து உப்புத் துகள்களாகிக் கரைக்கு வருகின்றன. கடலோர வீடுகளில் சன்னல் கம்பி விரைவில் துருப்பிடிப்பது இதனால்தான். அதே காற்றுதான் மடிக்கணினியின் விசை இடுக்குகளுக்குள்ளும் புகுகிறது. பகலில் உலர்ந்து கிடக்கும் உப்பு, ஈரம் மிகுந்த இரவில் ஒரு துளி உப்புநீராகிறது. அருகருகே இரண்டு உலோகப் பட்டைகள், இடையே உப்புநீர், அவற்றுக்குச் சில வோல்ட் மின்னழுத்தம். இது என்ன? நீங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் மின்னாற்பகுப்பேதான்! நேர்மின்வாயாக அமைந்த பட்டை சிறிது சிறிதாக அரிக்கப்படுகிறது. உண்டாகும் உப்புகள் மின்கடத்தா அடுக்காகப் படிகின்றன. தொடும் இடத்தில் மின்தடை பெருகி, ஒருநாள் மின்சைகை அடியோடு நின்றுபோகிறது.

இது சிறு கருவிகளுக்கு மட்டும் வரும் தொல்லையன்று. கடலோரமாகச் செல்லும் உயர் அழுத்த மின்தடங்களில், கோபுரங்களிலுள்ள பீங்கான் காப்பான்களின் மேலும் உப்புப் படியும். உலர்ந்திருக்கும்வரை தீங்கில்லை. பனி ஈரம் பட்டதும் அது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, பொறி பறந்து, தடமே துண்டிக்கப்படுவதுண்டு. அதனால் இத்தகைய காப்பான்களை அவ்வப்போது கழுவுகிறார்கள். மடிக்கணினியின் மயிரிழைப் பட்டையும் மின்கோபுரத்தின் காப்பானும் ஒரே விதிக்குத்தான் கட்டுப்படுகின்றன.

‘படம்’ ‘பட்டம்’ ஆன கதை

மூன்று வாரம் கழித்து அதே மாணவி மறுபடி வந்தாள். இம்முறை சிரித்துக்கொண்டே வந்தாள். ‘படம் 1’ என்று எழுதினால் ‘பட்டம் 1’ என்று வருகிறதாம்! ‘வடம்’ ‘வட்டம்’ ஆகிவிடுகிறதாம்! ஆனால் அவள் சோதனையை முடித்துவிட்டே வந்திருந்தாள். ஆங்கிலத்திலும் ‘ஓ’ என்ற விசை சில சமயம் இரண்டிரண்டாக விழுகிறது. வேறு எந்த விசையும் அப்படிச் செய்யவில்லை. ஆகவே குறை கம்பியில் அன்று; அந்த ஒரு விசையின் அடியில்தான்.

இதற்குக் காரணம் வேறு. ஒரு பந்தைத் தரையில் போட்டால் அது உடனே நிற்கிறதா? சில முறை துள்ளிவிட்டுத்தான் நிற்கும். சொடுக்கியின் இரண்டு முனைகளும் அப்படியே. தொட்டு, விலகி, மறுபடி தொட்டுச் சில மில்லிநொடிகள் துள்ளுகின்றன. ஒவ்வொரு துள்ளலையும் ஓர் அழுத்தமாக எண்ணினால் ஒரு ‘ட’வுக்குப் பத்து ‘ட’ விழும். ஆகவே கட்டுப்பாட்டுச் சில்லு ஏறத்தாழ 5 முதல் 20 மில்லிநொடி வரை பொறுத்திருந்து, தொடர்பு நிலைத்தபின்பே அதை ஓர் அழுத்தமாக ஏற்கிறது. தொடும் இடத்தில் தூசியோ அரிப்போ இருந்தால் துள்ளல் அந்தப் பொறுமையையும் தாண்டி நீடிக்கிறது. ‘ட’ இருமுறை விழுகிறது. தமிழ்99 விதிப்படி முதலாவதற்குப் புள்ளி விழ, ‘படம்’ ‘பட்டம்’ ஆகிவிடுகிறது.

விசையைச் சுற்றிக் காற்றை ஊதிப் பார்த்தோம். சற்றுக் குறைந்தது, முற்றிலும் தீரவில்லை. தூசி மூடிய தாள்களுக்கு நடுவே இருந்திருக்க வேண்டும். அதைப் பிரித்தால் தாள் கிழியும். ஆகவே வின்டோஸில் ‘ஃபில்டர் கீஸ்’ என்னும் வசதியின் மூலம், ஒரே விசை மிகக் குறுகிய இடைவெளியில் மறுபடி அழுத்தப்பட்டால் புறக்கணிக்குமாறு செய்தோம். இதற்கு ஒரு விலை உண்டு: உண்மையாகவே ‘ட்ட’ வேண்டும்போது, சற்று நிறுத்தித்தான் இரண்டாம் முறை அழுத்த வேண்டும். அவள் அதற்குப் பழகிக்கொண்டாள். அறிக்கை குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது.

நோயும் அடையாளமும்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ விசைப்பலகை தகராறு செய்தால், முதலில் தாளும் பென்சிலும் எடுங்கள். குறைகளின் அமைப்பு உங்களுக்கு வழிகாட்டும்.

ஒரே ஒரு விசை வேலை செய்யவில்லை: அந்த விசையின் அடியில் தூசி, அல்லது ரப்பர்க் குமிழ் கிழிந்திருக்கலாம்.

சில விசைகள் சேர்ந்தாற்போல் வேலை செய்யவில்லை: ஒரு வரிசையோ பத்தியோ அறுந்திருக்கலாம். நாடாவின் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை அழுத்தினால் இரண்டு மூன்று எழுத்துகள் விழுகின்றன: இரு கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. தேநீரோ தண்ணீரோ சிந்தியதா என்று கேளுங்கள்.

விசையை நெடுநேரம் அழுத்தினால்தான் எழுத்து வருகிறது: வலப்பக்கத்து ஷிஃப்ட் விசையை 8 நொடி அழுத்திப் பிடித்ததால், மேலே சொன்ன ‘ஃபில்டர் கீஸ்’ தானாக விழித்துக்கொண்டிருக்கலாம். அமைப்புப் பகுதியில் அணைத்துவிடுங்கள்.

யூ, ஐ, ஓ என்று அழுத்தினால் 4, 5, 6 வருகிறது: சிறிய மடிக்கணினிகளில் ‘நம் லாக்’ விசை அழுத்தப்பட்டிருக்கும். இது நோயே அன்று!

‘எல்’ அழுத்தினால் ‘த’ வருகிறது: இதுவும் நோயன்று. தமிழ்99 இயங்கிக்கொண்டிருக்கிறது.

எதுவுமே வேலை செய்யவில்லை: வெளி விசைப்பலகை ஒன்றைச் செருகிப் பாருங்கள். அது வேலை செய்தால் நாடா கழன்றிருக்கலாம். அதுவும் செய்யாவிட்டால் கோளாறு கணினியில். வெளி விசைப்பலகை கிடைக்காவிட்டால், வின்டோஸ், கன்ட்ரோல், ஓ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே ஒரு விசைப்பலகை தோன்றும். இந்த மூன்று விசைகளும் வேலை செய்யாவிட்டால் அதை அமைப்புப் பகுதியிலிருந்தும் திறக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. மடிக்கணினியின் லித்தியம் பேட்டரியைக் குத்தினாலோ, வளைத்தாலோ, குறுக்குச்சுற்று ஏற்படுத்தினாலோ தீப்பற்றும். நீங்களாக எதையும் பிரிக்க வேண்டாம். தெரிந்தவர் துணையுடன், பேட்டரியைத் துண்டித்தபின்பே செய்ய வேண்டும். நீர் சிந்தினால் உடனே அணைத்து, மின்னேற்றியைக் கழற்றி, கவிழ்த்து வையுங்கள். “வேலை செய்கிறதா பார்ப்போம்” என்று மறுபடி போட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலான கருவிகளைக் கொன்றுவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர்ப் பகுதியில் வெள்ளநீரும் எண்ணெய்க் கசிவும் சேர்ந்தே வீடுகளுக்குள் வந்தன. அப்படி மூழ்கிய கருவியை எக்காரணம் கொண்டும் மின்னிணைப்பில் செருகாதீர்கள்.

செய்து பாருங்கள்

ஒன்பது விசைகள் கொண்ட விசைப்பலகையை நீங்களே செய்யலாம். இரண்டு அட்டைகள், அலுமினியத் தாள், ஒரு கெட்டித் தாள், இரண்டு பேனா டார்ச் மின்கலங்கள், சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 100 ஓம் மின்தடை ஒன்று, சில கம்பிகள் போதும்.

முதல் அட்டையில் மூன்று அலுமினியப் பட்டைகளைக் கிடையாக ஒட்டுங்கள்; இவை வரிசைகள். இரண்டாவதில் மூன்று பட்டைகளைச் செங்குத்தாக ஒட்டுங்கள், இவை பத்திகள். பட்டைகள் ஒன்றையொன்று பார்க்குமாறு அட்டைகளை வைத்து, குறுக்கீடுகளுக்கு நேராக ஒன்பது துளைகள் வெட்டிய கெட்டித் தாளை நடுவே வையுங்கள். மின்கலங்கள், மின்தடை, எல்.இ.டி. மூன்றையும் தொடராக இணைத்து, ஒரு முனையை ஒரு வரிசையிலும் மறு முனையை ஒரு பத்தியிலும் தொடுங்கள். விளக்கு எரியாவிட்டால் எல்.இ.டி.யின் முனைகளை மாற்றிப் பாருங்கள். எந்தக் குறுக்கீட்டை அழுத்தினால் விளக்கு எரிகிறது? இப்போது ஒரு பத்திப் பட்டையை அதன் கம்பி இணைந்த முனைக்கு அருகில் கத்தரித்துவிட்டு மறுபடி சோதியுங்கள். எத்தனை விசைகள் ஊமையாகின்றன? நடுவில் கத்தரித்தால்?

அடுத்து ஒரு வேடிக்கை. முழுப் பட்டைகளுடன், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒரே சமயத்தில் அழுத்திப் பிடியுங்கள். நான்காவது மூலைக்கு உரிய வரிசையையும் பத்தியையும் சோதித்தால் விளக்கு எரியும். யாரும் அழுத்தாத விசை அழுத்தப்பட்டதாகக் காட்டும்! மின்சாரம் எந்தச் சுற்று வழியே போயிற்று என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். ஒவ்வொரு குறுக்கீட்டிலும் ஒரு டையோடு வைத்தால் இந்தத் தொல்லை ஏன் நீங்கும் என்றும் யோசியுங்கள்.

சிந்திக்க மூன்று

1. 100 விசைகளை வரிசை, பத்தி முறையில் அமைக்கக் குறைந்தது எத்தனை கம்பிகள் வேண்டும்?

2. தமிழ்99 முறையில் எழுதும் ஒருவருக்கு ‘கடல்’ எப்போதும் ‘கட்டல்’ என்றே வருகிறது. ஆனால் அதே கணினியில் செருகிய வேறொரு விசைப்பலகையில் ‘கடல்’ சரியாக வருகிறது. குறை எங்கே?

3. ஒரு விசைப்பலகையில் ஆறு விசைகள் வேலை செய்யவில்லை. மழை பெய்த மறுநாள் மட்டும்தான் அப்படி. வெயில் ஏறியதும் தானே சரியாகிவிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது? பிரிப்பதற்கு முன் என்ன தெரியும் என்று எதிர்பார்ப்பீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் விடையை முதலில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். பிறகு ஆசிரியருடன் பேசிப் பாருங்கள். எழுதி வைத்தபின் பெட்டியைத் திறப்பதற்கும், திறந்தபின் காரணம் சொல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.